முக்கால் அங்குலக் குற்றம்

ஆள் அகப்படவில்லை என்று அழுதுகொண்டு எங்களிடம் வருகிறவர்கள் உண்டு. ஆள் அகப்பட்டுவிட்டதே என்று அழுதுகொண்டு வந்தவர் பாக்கியரத்தினம் ஒருவர்தான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில்.

உட்துறைமுக வீதியில், கப்பல் சாமான் கடையொன்றின் மேல்மாடியில் எங்கள் காரியாலயம். வாசல் பலகையில் ‘வே. அருளம்பலம், தனியார் விசாரணையாளர்’ என்று பெரிதாக இருக்கும். அதன் கீழே சின்ன எழுத்தில் ‘தட்டெழுத்தும் செய்து தரப்படும்’ என்று இருக்கும். பெரிய எழுத்து நான் ‘சேர்’ என்று கூப்பிடும் அருளம்பலத்தாருடையது. சின்ன எழுத்து இராசமலர் ஆகிய என்னுடையது. இருவருக்கும் சோறு போடுவது சின்ன எழுத்துத்தான். சேர் முன்பு சுங்கத்தில் இருந்தவர். பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவேன் என்று பெருமையடிப்பார். என் சாப்பாட்டுப் பெட்டியைத் தவிர வேறெதிலும் அந்த வித்தையை நான் கண்டதில்லை.

“என்ட வாயாலதான் ஐயா அந்த மனிசன் உள்ளுக்க இருக்கிறார்,” என்றார் பாக்கியரத்தினம். கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கச்சேரி என்னும் அரசாங்கக் காரியாலயத்தில் கிளாக்கர், பின்னேரங்களில் ‘நீலக்குடா பொப் குழு’வின் தலைவர். திருகோணமலையில் கலியாணம், காணிவேல் எதுவென்றாலும் அவருடைய குழுதான்.

“முதல்ல இருந்து சொல்லுங்கோ. இராசமலர், நீர் எழுதும்.”

“ஞாயிற்றுக்கிழமை சேர்.”

“கள்ளனுக்கு ஞாயிறு திங்கள் இல்லை.”

“அகப்பட்ட கள்ளனுக்குமோ?” என்று கேட்டுக்கொண்டே எழுதினேன்.

கதை இதுதான். குழுவுக்கு ஒரு மின் கிற்றார் இருந்தது. பாக்கியரத்தினத்தின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்து கொடுத்தது. எழுபத்து நாலாம் ஆண்டு அது. பாண் ரொட்டிக்கே வரிசையில் நின்ற காலம். வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடைக்கு வருவதில்லை. அப்படிப்பட்ட காலத்தில் அந்தக் கிற்றார் குழுவுக்குக் கண் மாதிரி. அதை வாசிப்பவன் லாபிர் என்ற கிண்ணியா இளைஞன். பயிற்சி நடக்கும் மண்டபத்துச் சாமானறையில் வைத்துப் பூட்டுவார்கள். வியாழக்கிழமை கிற்றாரைக் காணவில்லை என்று லாபிர் ஓடி வந்தான்.

“மண்டபத்துப் பின்கதவடியில ஹிஸ்புல்லா நிண்டதை நான் கண்டனான். அதைப் பொலிசில சொல்லிப்போட்டன். அவங்கள் வீட்டைச் சோதிச்சால், ஜன்னல் சீலை தொங்குறது கிற்றார்க் கம்பியில! நுனியில பித்தளை வளையத்தோட.”

“ஆர் இந்த ஹிஸ்புல்லா?”

“துறைமுகத்தில சாமான் தூக்குற வின்ச் ஓட்டுறவர். கேட்ட உடன ‘ஓம், நான்தான் எடுத்தனான், கடலுக்க எறிஞ்சு போட்டன்’ எண்டிட்டாராம். நாளைக்குக் கோட்டுக்குக் கொண்டு போறாங்கள். கள்ளன் எண்டு தீர்ந்தால் துறைமுக வேலை போயிடும். சின்னச் சின்னப் பிள்ளையள் ஐயா.”

“ஒப்புக்கொண்டிட்டாரே. பிறகு ஏன் உங்களுக்கு வயித்தெரிச்சல்?”

“எறிஞ்சன் எண்டவர், அதுதான்.” பாக்கியரத்தினம் லேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். “ஒவ்வொரு பயிற்சிக்கும் பின்கதவடியில வந்து நிண்டு கேக்கிறவர். உள்ளுக்க வாங்கோ எண்டால் வரமாட்டார். அந்த மனிசன் கிற்றாரைக் கடலுக்க எறிவாரோ? வெள்ளிக்கிழமையில இருந்து நான் சாப்பிடேல்லை.”

“கூப்பன் அரிசி மிச்சமெண்டு சங்கக்கடை மனேச்சர் சந்தோசப்படுவார்,” என்றேன். அவர் சிரிக்கவில்லை. சொன்ன எனக்கே பிறகு வெட்கமாக இருந்தது.

சேர் கச்சான் கடலைக் கோதுகளை மேசையிலிருந்து தட்டிவிட்டார். “ஏன் பின்கதவடி?”

“அது ஒரு பழைய கதை. தை மாசம் லாபிரும் துறைமுகத்திலதான் வேலை செய்தவன், சாமான் இறக்கிற இடத்தில. ஹிஸ்புல்லா வின்சில நிண்டவர். சங்கிலி நழுவி லாபிரின்ட இடக்கையில ரெண்டு விரல் நசிஞ்சு போச்சு. விசாரணையில ஒருத்தரிலயும் பிழையில்லை எண்டு தீர்த்தவங்கள். லாபிரும் ஆறிட்டுது, நோவில்லை எண்டு திரும்ப வாசிக்கிறான். ஆனால் இவரோட கதைக்கிறதில்லை.”

சேர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். “வாங்கோ, முதல்ல அந்த ஜன்னல் கம்பியைப் பாப்பம்.”

பொலிஸ் நிலையத்துச் சார்ஜன் சேரின் பழைய சிநேகிதர். மண்ணிறக் கடித உறையிலிருந்து கம்பியை எடுத்து மேசையில் போட்டார். பக்கத்தில் ஹிஸ்புல்லாவின் இடுப்புப் பட்டியும் காற்சட்டைக்குப் போடும் சைக்கிள் கிளிப் இரண்டும் கிடந்தன.

“கிளிப் இருக்கு, சைக்கிள் எங்க?” என்று கேட்டேன். எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பது என் வேலை.

“துலைஞ்சு போச்சாம் தங்கச்சி. முன்பாரில பிள்ளை இருக்கிற கதிரை பூட்டின பச்சைச் சைக்கிள். கள்ளனிட்டயும் களவெடுக்கிற ஊராப் போச்சு,” என்று சார்ஜன் சிரித்தார்.

சேர் கம்பியை நகத்தால் வருடினார். அது வேறொரு மெல்லிய கம்பி சுற்றிய தடித்த கம்பி. அடிப்பக்கத்தில் இடைக்கிடை தட்டையாகியிருந்தது.

“இது என்ன, புழு திண்ட மாதிரி?”

பாக்கியரத்தினம் குனிந்து பார்த்தார். “பிரெற் பட்ட அடையாளம் ஐயா. கிற்றார் கழுத்தில குறுக்கால பதிச்சிருக்கிற உலோகக் கட்டையள்தான் பிரெற். விரலால அமத்த அமத்த, கம்பி அதில பட்டுத் தட்டையாகும். புதுக்கம்பி கிடைக்காத காலம்தானே, நாங்கள் பழசையே கழட்டிச் சுடுதண்ணியில அவிச்சுத் திரும்பப் பூட்டுறம். அழுக்குப் போய் இன்னும் கொஞ்ச நாளைக்கு ஒலிக்கும். அதால இப்பிடி அடையாளம் ஆழமா விழும்.”

“அவிக்கிறதோ?” என்றேன். “தேங்காய்ப் பாலும் விடுறனீங்களோ?”

சேர் என்னைக் கவனிக்கவில்லை. “இந்த அடையாளங்களை எண்ணலாமோ?”

“எண்ணலாம். இந்த மடிப்பு கிற்றாரின்ட தலைப்பக்கத்தில கம்பியைத் தாங்குற எலும்புத் துண்டில இருந்த இடம். அதில இருந்து ஒண்டு, ரெண்டு…” பாக்கியரத்தினம் விரலை வைத்து எண்ணிக்கொண்டே போனார். “இது பன்னிரண்டாவது. கம்பியின்ட சரிபாதி இதுதான். இதில அமத்தினால் அதே சுரம் மேல்ஸ்தாயியில கேக்கும்.”

“அப்ப மடிப்பில இருந்து இதுவரைக்கும் அளந்து இரண்டால பெருக்கினால் கிற்றாரில கம்பி நிண்ட முழு நீளம் வரும். சார்ஜன், ஒரு அடிமட்டம் தாரும்.”

சார்ஜன் மேசை லாச்சியிலிருந்து பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சேர் கம்பியை அதன்மேல் நீட்டிப் பிடித்தார். மடிப்பு ஒரு நுனியில் நின்றது. பன்னிரண்டாவது அடையாளம் மறு நுனியில் நின்றது. ஒரு அடி. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பாக்கியரத்தினத்தின் முகம் வெளுத்தது. “இது எங்கட கம்பி இல்லை.”

“எப்பிடிச் சொல்லுறீங்கள்?”

“எங்கட கிற்றாரில கம்பியைத் தாங்குற பிரிட்ஜைக் கழட்டிப் பூட்டினது நான். அளந்துதான் பூட்டினனான். பாதிக்குப் பன்னிரண்டே முக்கால், முழுக்க இருபத்தைந்தரை அங்குலம். இது இருபத்து நாலு அங்குலக் கிற்றார். குட்டை. இப்பிடி ஒண்டு இந்த ஊரிலயே இல்லை.”

“முக்கால் அங்குலத்துக்காக ஒப்புக்கொண்ட ஆளை விட ஏலுமோ?” என்று சார்ஜன் சலித்துக்கொண்டார். “சீலையின்ட பாரத்துக்குக் கம்பி இழுபட்டிருக்கும்.”

“இழுபட்டால் நீளும் சார்ஜன்,” என்றார் சேர். “குறுகாது.”

சார்ஜன் எழுந்து, ஆட்களை அடைத்து வைக்கும் கூட்டுக்கு எங்களை அழைத்துப் போனார்.

ஹிஸ்புல்லா நிலத்தில் சம்மணம் கொட்டி உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பெரிய தோள், பெரிய கை. எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார், வீட்டுக்கு விருந்தாளி வந்தது போல.

“அந்தக் கம்பி எந்தக் கிற்றாரில இருந்தது தம்பி?” என்று சேர் கேட்டார்.

“களவெடுத்த கிற்றார்லதான். அதுக்குத்தானே புடிச்சிரிக்காங்க.”

“கிற்றாரை எங்க எறிஞ்சனீர்?”

“கடல்ல.”

“கடல் பெரிசு.”

“அதுக்காகத்தான் அங்க எறிஞ்சன்.”

பாக்கியரத்தினம் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டார். “ஹிஸ்புல்லா, உங்களுக்குக் கோடி புண்ணியமாப் போகும். நீங்கள் எடுக்கேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான் முறைப்பாட்டை வாபஸ் வாங்குறன். உங்கட பிள்ளையளின்ட முகம் கண்ணுக்குள்ள நிக்குது.”

“நீங்க செஞ்சது சரிதான். பிழை செஞ்சவன் நான்,” என்றார் ஹிஸ்புல்லா. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எந்தப் பிழையைச் சொன்னார் என்று அப்போது எங்களுக்குப் பிடிபடவில்லை.

வெளியே வந்ததும் சேர் பஸ் தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்து என் கையைக் கேட்டார். ஊரார் பார்க்க ஞாயிற்றுக்கிழமை கைப்பிடியா என்று நான் முறைத்தேன். “வாங்கில வைச்சு விரல்களை விரியும்,” என்றார். விரித்தேன். “பாக்கியரத்தினம், நீளக் கிற்றாருக்கும் குட்டைக் கிற்றாருக்கும் கையில என்ன வித்தியாசம்?”

“நிறைய இருக்கு. ஒரே சுருதிக்கு நீளக் கம்பியைக் கூட முறுக்க வேணும், குட்டையை அவ்வளவு முறுக்கத் தேவையில்லை. அதால குட்டைக் கம்பி விரலுக்கு மெத்தெண்டு இருக்கும். லேசாத் தள்ளினாலே சுரம் வளையும். பிரெற்றும் கிட்டக் கிட்ட இருக்கும், விரலை இந்தளவு விரிக்கத் தேவையில்லை. ஆனால் சத்தம் வேற. நீளக் கிற்றார் கணீரெண்டு கூராக் கேக்கும். குட்டையில கொஞ்சம் தடிச்சு, உருண்டு வரும்.”

“நீளக் கிற்றாரை வைச்சுக்கொண்டே ஒருத்தனுக்கு அந்த மெத்து வேணுமெண்டால்?”

“கம்பியைத் தளர்த்த வேணும். எல்லாரும் சுருதியை இறக்கி…” பாக்கியரத்தினம் பாதியில் நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது.

“இறக்கினீங்களோ?”

“சித்திரையில இருந்து அரைக் கட்டை இறக்கித்தான் வாசிக்கிறம். லாபிர்தான் கேட்டவன். பாட்டுக்காரியின்ட தொண்டைக்குக் கஷ்டம் எண்டான். நானும் நம்பி அந்தப் பிள்ளைக்குப் பனங்கற்கண்டு வாங்கிக் குடுத்தனான்.”

“அவவின்ட தொண்டைக்கு ஒண்டும் இல்லை. இவன்ட விரலுக்குத்தான் வருத்தம்,” என்றார் சேர். “கையை விரிக்க ஏலாதவனுக்குத்தான் குட்டைக் கிற்றார் தேவை. வாங்கோ, கிண்ணியாவுக்கு.”

பஸ்ஸில் போய், பாதை என்று அங்கே சொல்லும் மிதவையில் ஏறி, கிண்ணியாவில் இறங்கினோம். வழி முழுக்கப் பாக்கியரத்தினம் லேஞ்சியை மடிப்பதும் விரிப்பதுமாக வந்தார். ஒரு ஆளைக் காட்டிக் கொடுத்த பாவத்தைத் தீர்க்க இன்னொரு ஆளைக் காட்டிக் கொடுக்கப் போகிறோமே என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நானும் அதைத்தான் நினைத்தேன்.

லாபிரின் தாய் ஆமினா உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தார். குழுத் தலைவரைக் கண்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

“வாங்க, வாங்க, இரிங்க. மகன் கெணத்தடியில குளிக்கிறார். இப்ப வந்திருவார். சோறு குடுக்க அரிசி இல்ல மகள், கெழங்குதான் இரிக்கு.”

அவித்த மரவள்ளிக் கிழங்கும் மிளகாய் இடித்த கட்டைச்சம்பலும் கொண்டுவந்து வைத்தார். நான் உண்மையைச் சொல்கிறேன்: எனக்குப் பசி. மகனைப் பிடிக்க வந்த வீட்டில் தாய் கையால் வாங்கித் தின்பது பாவம் என்று தெரிந்தும் தின்றேன். அந்த அம்மா வேறு, “இன்னும் எடுங்க, கூச்சப்படாதீங்க,” என்று என் கோப்பையில் போட்டுக்கொண்டே இருந்தார்.

தண்ணீர் குடிக்கக் குசினிப் பக்கம் போனபோது அடுப்பில் ஒரு சட்டி கொதிப்பதைக் கண்டேன். “உம்மா, இது என்ன கறி?”

“கறியா? அது கம்பி மகள்! மகன் அவிய வெச்சிரிக்கார். எனக்குக் கெழங்கு அவிக்க வெறகில்ல, அவருக்குக் கம்பி அவிக்க வெறகு.”

கரண்டியால் கிளறிப் பார்த்தேன். ஆறு கம்பிகள். ஐந்து கறுத்துப்போனவை. சுற்றுக்கம்பி ஒன்று மட்டும் புதிதாக மினுங்கியது. பாக்கியரத்தினத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். “புதுசு நாலாவது கம்பி,” என்றார் மெல்லிய குரலில். “பொலிசில இருக்கிறதும் நாலாவதுதான்.”

அந்த நேரம் லாபிர் தோளில் துவாயோடு உள்ளே வந்தான். மெலிந்த, அழகான ஆள். எங்களையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தான்.

“கிற்றார் களவு போனபிறகு கம்பி அவிக்கிறது எந்த ஊர் வழக்கம் தம்பி?” என்று சேர் அமைதியாகக் கேட்டார்.

அவன் பொய் சொல்லப் பார்க்கவில்லை. அறைக்குள் போய், கட்டிலுக்குக் கீழிருந்து சாரத் துணியில் சுற்றிய பொதி ஒன்றை எடுத்து வந்து எங்கள் முன் வைத்தான். உள்ளே கம்பியில்லாத ஒரு சின்னச் சிவப்புக் கிற்றார். சேர் சட்டைக்குள்ளிருந்து அடிமட்டத்தை எடுத்து அதன் கழுத்தில் வைத்தார். தலைப்பக்கத்து எலும்பிலிருந்து பன்னிரண்டாவது பிரெற் வரை சரியாக ஒரு அடி. அந்த அடிமட்டம் பொலிசுடையது. களவைப் பிடிக்க வந்த வழியில் சேர் தானும் ஒன்று செய்திருந்தார்.

“குழுவின்ட கிற்றார் எங்க?”

“கப்பல்காரன் ஒருத்தனுக்குக் குடுத்திட்டு இத வாங்கினன்.” லாபிர் இடக்கையைத் துவாயால் மூடிக்கொண்டான். “ரெண்டு விரலும் விரியுதில்ல சேர். நீளக் கிற்றார்ல ஒரு கோர்ட் புடிச்சாக் கண்ணால தண்ணி வருது. இதுல கை எட்டுது. கம்பியும் மெத்தெண்டு இரிக்கு. பழைய பழக்கத்துல தள்ளினா சுரம் மேல ஓடிருது, அத மட்டும் இன்னும் பழகல்ல.”

“என்னட்டச் சொல்லியிருக்கலாமே லாபிர்,” என்றார் பாக்கியரத்தினம்.

“சொன்னா வேற ஆளப் புடிச்சிரிப்பீங்க அண்ணன்.”

பாக்கியரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். பிடித்துத்தான் இருப்பார். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

“களவு போச்சு எண்டு சொன்னன். ஆரையும் காட்டிக் குடுக்க நெனைக்கல்ல,” என்றான் லாபிர். “ஹிஸ்புல்லா காக்கா தான் எடுத்ததெண்டு ஒப்புக்கொண்டார் எண்டு கேட்டப்ப, அல்லாஹ் மேல ஆணை, எனக்குச் சந்தோசமா இருந்திச்சு. என்ட விரல எடுத்த மனிசன் கொஞ்ச நாள் உள்ளுக்க இரிக்கட்டும் எண்டு நெனைச்சன்.” அவ்வளவு கோபத்திலும் அண்ணனைக் கூப்பிடும் ‘காக்கா’ என்ற சொல் அவன் வாயை விட்டுப் போகவில்லை.

ஆமினா உம்மா சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

சேர் எழுந்தார். வழக்கு முடிந்தால் அவர் முகத்தில் ஒரு களை வரும். “எல்லாம் வெளிச்சமாப் போச்சு. லாபிர் கிற்றாரை மாத்தினான். ஹிஸ்புல்லா விபத்தை நினைச்சு மனம் பொறுக்காமல் பழியைத் தன்ட தலையில போட்டுக்கொண்டார். வாங்கோ போவம்.”

“சேர்,” என்றேன். “ஒரு சின்ன இடறல்.”

“என்ன?”

“ஜன்னல் கம்பி இந்தக் கிற்றாரில இருந்து கழட்டினது. இந்தக் கிற்றார் இருந்தது லாபிரிட்ட. லாபிரும் ஹிஸ்புல்லாவும் கதைக்கிறதே இல்லை. அப்ப அந்தக் கம்பி ஹிஸ்புல்லா வீட்டுக்கு நடந்து போனதோ?”

சேரின் முகத்துக் களை போய்விட்டது. அந்தக் கிழங்கின் கடன் எனக்கு அப்போது கொஞ்சம் குறைந்தது போல இருந்தது. லாபிரைப் பார்த்து, “கம்பியை நீங்களோ மாத்தினீங்கள்?” என்று கேட்டேன்.

“இல்ல. தரக்குள்ளேயே நாலாவது கம்பி புதுசாத்தான் இருந்திச்சு.”

“கப்பல்காரன் என்ன சொல்லித் தந்தவன்?”

“படகு கட்டுற ஜெட்டியில என்னத் தேடி வந்தான். ‘இது சின்னது, ஒன்ட கைக்குச் சரி’ எண்டான்.” லாபிர் யோசித்தான். “என்ட கையப் பாக்க முந்தியே சொன்னான்.”

“நடந்தோ வந்தவன்?”

“சைக்கிள்ல. கப்பல்காரனுக்குச் சைக்கிள் என்னத்துக்கு எண்டு நானே சிரிச்சன். பச்சச் சைக்கிள். முன்பார்ல புள்ள இரிக்கிற குட்டிக் கதிர…”

சைக்கிள் யாருடையது என்று நான்தான் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று அவன் முகத்தைப் பார்த்தபோது பட்டது. பின்கதவடியில் நின்று கேட்டே லாபிரின் விரல் ஏலாததைக் கண்டுகொண்டு, கப்பல்காரனிடம் தன் சைக்கிளைக் கொடுத்துக் கிற்றாரையும் ஒரு புதுக் கம்பியையும் வாங்கி, பழுதான கம்பியை மாற்றி, இனாமாகக் கொடு என்று அவனையே அனுப்பியவர் ஹிஸ்புல்லா. இனாமாகக் கொடுக்க வேண்டியதற்கு நீளக் கிற்றாரையும் வாங்கிக்கொண்டு கப்பலேறிவிட்டான் அந்த ஆள். இரண்டு பக்கமும் தின்ற கள்ளன் அவன் ஒருவன்தான், அவனைப் பிடிக்க எங்களால் ஏலாது.

லாபிர் நிலத்தில் உட்கார்ந்துவிட்டான். “நான் சந்தோசப்பட்டன் உம்மா,” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். “அந்த மனிசன் உள்ளுக்க இரிக்கக்குள்ள நான் சந்தோசப்பட்டன்.”

பின்னேரம் நாலு பேருமாகப் பொலிஸ் நிலையத்துக்குத் திரும்பினோம். லாபிர் ஒன்றையும் மறைக்கவில்லை. சார்ஜன் கிற்றாரையும் கம்பியையும் தன் கையாலேயே அளந்து பார்த்துவிட்டுப் பேனையை எடுத்தார். “அப்ப குழுவின்ட சாமானை மாத்தி வித்த குற்றம் இந்தத் தம்பியில.”

“இல்லை,” என்றார் பாக்கியரத்தினம். “மாத்தச் சொன்னது நான்தான். மறந்துபோய் முறைப்பாடு குடுத்திட்டன்.”

“கச்சேரிக் கிளாக்கருக்கு இவ்வளவு மறதியோ?”

“வெள்ளிக்கிழமையில இருந்து சாப்பிடேல்லை. அதால இருக்கும்,” என்றேன் நான்.

சார்ஜன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு பேனையை மூடிவிட்டுத் திறப்புக் கோர்வையோடு கூட்டுப் பக்கம் போனார்.

வெளியே வந்த ஹிஸ்புல்லா மேசையில் கிடந்த சிவப்புக் கிற்றாரைக் கண்டார். பிறகு லாபிரைக் கண்டார். விடுதலையான மனிதனுக்கு அப்படிக் கோபம் வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“ஏன்டா வந்தாய்? ஒன்ட கை ஏலாதெண்டு இப்ப ஊருக்கே தெரிஞ்சி போச்சே. இதுக்கா நான் இவ்வளவு பாடுபட்டன்?”

“காக்கா, மாப்புச் செய்யுங்க.”

“தை மாசத்துக்குப் பொறகு நான் ஒழுங்கா நித்திர கொண்டது இந்தக் கூட்டுக்குள்ள ரெண்டு ராத்தான். வின்ச் விசாரணையில பிழையில்ல எண்டு விட்டாங்க. ஒரு ஆள் என்னத் திட்டல்ல, ஒரு ஆள் அடிக்கல்ல. இஞ்சதான் ஆராவது என்னக் குற்றவாளி எண்டு சொன்னாங்க. அதையும் வந்து எடுத்துப்போட்டியே.”

சேர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். லாபிர் துவாயை எடுத்துவிட்டுத் தன் இடக்கையை அவர் முன்னால் நீட்டினான். மோதிர விரலும் சின்ன விரலும் ஒட்டி வளைந்திருந்தன. ஹிஸ்புல்லா முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். லாபிர் கையை எடுக்கவில்லை. நீட்டியபடியே நின்றான். நெடுநேரத்துக்குப் பிறகு அந்தப் பெரிய கை வந்து, தொட்டால் உடைந்துவிடும் என்று பயந்த மாதிரி, அந்த இரண்டு விரல்களையும் பிடித்தது.

“இன்னும் நோகுதா?” என்று கேட்டார் ஹிஸ்புல்லா.

“ஓம் காக்கா,” என்றான் லாபிர். “நல்லா நோகுது.”

தை மாதத்துக்குப் பிறகு அவன் அதை ஒருவரிடம் உண்மையாகச் சொன்னது அன்றுதான். ஹிஸ்புல்லா அந்த விரல்களை விடாமல் பிடித்துக்கொண்டு, நாங்கள் எல்லோரும் பார்த்திருக்க, சத்தமாக அழுதார்.